டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றினேன், இப்போது டி டிரைவே டாக்குமென்ட்ஸ் ஆகிவிட்டது. பழையபடி எப்படிக் கொண்டுவருவது?

ரீஸ்டோர் டிஃபால்ட் அழுத்தினாலும் 'அக்சஸ் டினைடு' என்று வருவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், ஃபைல் எதுவும் போயிருக்காது. இதே கூத்தை நானும் அடித்திருக்கிறேன். அதுவும் என் கம்ப்யூட்டரில் இல்லை, அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில்.

அக்காவைக் கோபிசெட்டிபாளையம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நாலு மாடு, ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர். சி டிரைவ் 120 ஜிபிதான், நிறைந்துபோய் சிவப்புக் கோடு காட்டிக்கொண்டிருந்தது. பொங்கலுக்குப் போனவன், 'சித்தெ இரு அக்கா, சரிபண்ணித் தர்றேன்' என்று உட்கார்ந்தேன். டாக்குமென்ட்ஸில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி டிரைவுக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டியிருக்க வேண்டும். நான் டிரைவையே காட்டிவிட்டேன். பிக்சர்ஸையும் அதே இடத்துக்கு அனுப்பினேன். 'இங்கே வேறொரு சிஸ்டம் ஃபோல்டர் இருக்கிறது, பிறகு இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கவும் முடியாது, பழைய இடத்துக்குத் திருப்பவும் முடியாது, சம்மதமா' என்று விண்டோஸ் தெளிவாகவே கேட்டது. படிக்காமல் 'யெஸ்' அழுத்திய புண்ணியவான் நான்தான்.

பால் கணக்கு எக்ஸெல், அக்கா மகளின் பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸ், கோயில் கும்பாபிஷேக ஃபோட்டோக்கள், மச்சான் ஏற்கனவே டி-யில் போட்டு வைத்திருந்த பத்திர ஸ்கேன்கள், எல்லாம் ஒரே குவியல். 'ஏன்டா தம்பி, பால் கணக்கு எங்கடா போச்சு?' என்று அக்கா பின்னால் வந்து நின்றாள். மச்சான் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. 'வுடு மாப்ள, ஆடு காணலைன்னா பக்கத்துக் காட்டுலதான் மேயும்' என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் விண்டோஸுக்கு வெறும் பெயர்கள். அந்தப் பெயர் எந்த இடத்தைக் காட்ட வேண்டும் என்பது ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேட்டில், ஒரு வரியாக எழுதியிருக்கும். வாய்க்கால் மடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மடையை மாற்றினால் இனி வரும் தண்ணீர் வேறு வயலுக்குப் போகும், ஏற்கனவே பாய்ந்த தண்ணீர் பாய்ந்த இடத்தில்தான் நிற்கும். அதனால் மடையை முதலில் திருப்பிவிட்டு, ஃபைல்களை அப்புறம் கையால் நகர்த்த வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்ட்ரைவ் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு) இருக்கிறதா பாருங்கள். அதன் பேக்கப், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவற்றைத் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபிதான், கல்யாண ஃபோட்டோவுக்கே பத்தாது. ஒன்ட்ரைவ் செட்டிங்ஸில் மேனேஜ் பேக்கப் போய் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நிறுத்தியதும் டாக்குமென்ட்ஸ் காலியாகத் தெரியலாம், பதறாதீர்கள். ஃபைல்கள் ஒன்ட்ரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

முக்கியமான ஃபைல்களை ஒரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர் இருக்கும் ஃபோல்டருக்குப் போய், டாக்குமென்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டால் உருவாக்குங்கள். பிறகு ஸ்டார்ட்டில் ரெஜிஸ்ட்ரி எடிட்டர் என்று தேடித் திறந்து, எச்கீ கரண்ட் யூசர், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட் வெர்ஷன், எக்ஸ்ப்ளோரர் என்று வரிசையாக இறங்கினால் யூசர் ஷெல் ஃபோல்டர்ஸ் வரும். பக்கத்திலேயே ஷெல் ஃபோல்டர்ஸ் என்று இன்னொன்று இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். 'இந்த ரெஜிஸ்ட்ரி கீயைப் பயன்படுத்தாதே' என்று அதற்குள்ளேயே எழுதி வைத்திருப்பார்கள்.

யூசர் ஷெல் ஃபோல்டர்ஸில் ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டாக்குமென்ட்ஸ் என்று தேடினால் கிடைக்காது, நான் கால் மணி நேரம் தேடினேன். பழைய விண்டோஸ் காலத்துப் பெயரான 'பர்சனல்' என்பதே இன்னும் ஓடுகிறது. பிக்சர்ஸ் 'மை பிக்சர்ஸ்' என்று இருக்கும். டவுன்லோட்ஸுக்குப் பெயரே கிடையாது, 374 என்று தொடங்கும், எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான குறியீடுதான். பர்சனலை டபுள் கிளிக் செய்தால் டி டிரைவின் முகவரி தெரியும். அதை அழித்துவிட்டு, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே யூசர்ப்ரொஃபைல், அதையடுத்துப் பின்சாய்வுக்கோடு, டாக்குமென்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் எழுதுங்கள். மற்றவற்றுக்கும் அப்படியே, கடைசியில் மட்டும் அதனதன் பெயர். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் பெயர்கள் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

இனி ஃபைல்கள். இதற்குக் குறுக்குவழி கிடையாது. எந்த ஃபைல் டாக்குமென்ட்ஸிலிருந்து வந்தது, எது முன்பே டி-யில் கிடந்தது என்று விண்டோஸ் நினைவு வைத்திருக்காது. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, 'இது யாருது, அது யாருது' என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தேன். ராத்திரிச் சாப்பாடு வரை ஆனது.

இடம் பற்றாமல்தானே இதில் இறங்கியிருப்பீர்கள்? அப்படியென்றால் டி-யில் டாக்குமென்ட்ஸுக்கு ஒன்று, பிக்சர்ஸுக்கு ஒன்று என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு, லொகேஷன் வழியாகவே மறுபடி மாற்றுங்கள். கழற்றி எடுத்துப்போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் அனுப்பாதீர்கள், செருகாத நாளில் டாக்குமென்ட்ஸே காணாமல் போகும். புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரை எங்கேயும் நகர்த்தாதீர்கள்.

இதெல்லாம் முடிந்தும் டி டிரைவில் 'டாக்குமென்ட்ஸ்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால், அங்கே டெஸ்க்டாப் டாட் ஐஎன்ஐ என்று ஒரு மறைந்த ஃபைல் மிச்சமிருக்கும். வியூவில் ஹிடன் ஐட்டம்ஸைக் காட்டச் சொன்னாலும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். டி டிரைவில் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு, டிக்கை மறக்காமல் திரும்பப் போடுங்கள். நான் போட மறந்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன். டெஸ்க்டாப்பில் புதுசாக ஏதோ மங்கலாகத் தெரிகிறது என்று மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்காவிடமிருந்து போன்.