யோசனை சொல்லாத கவுன்சிலர்

வணக்கம் அக்கா,

என் மகன் பத்தாம் வகுப்பு. ஆறு மாதமாக வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கவுன்சிலரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறான். சரி என்று நான் மட்டும் போகிறேன். மூன்று முறை ஆகிவிட்டது, ஒவ்வொரு முறைக்கும் ஆயிரம் ரூபாய். அந்த அம்மா ஒரு யோசனையும் சொல்வதில்லை. நான் சொன்னதையே கொஞ்சம் மாற்றி எனக்கே சொல்கிறார். மகனைப் பற்றிப் பேசினால் என்னைப் பற்றிக் கேட்கிறார். முன்பு வங்கியில் வேலை பார்த்தவராம். சொந்த வாழ்க்கையில் அடிபட்ட பிறகு இதைப் படித்தாராம். பக்கத்து வீட்டு அக்கா இதைவிட உருப்படியாக நாலு யோசனை சொல்கிறார், காபியும் தருகிறார். இதெல்லாம் ஒரு வைத்தியமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

காபி விஷயத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடு யாரும் போட்டி போட முடியாது. மற்றதைப் பேசுவோம்.

யோசனை சொல்லாமல் கேட்கும் இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ். 1902இல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில், ஆசாரமான கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் விவசாயம் படிக்கச் சேர்ந்தார். அப்புறம் பாதிரியார் ஆகலாமென்று நியூயார்க்கில் இறையியல் படித்தார். அதையும் பாதியில் விட்டு, எதிர்ச்சாரியில் இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்கு மாறி உளவியலுக்கு வந்தார். வங்கியிலிருந்து வருவதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

1928இல் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகள் கொடுமைத் தடுப்புச் சங்கம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு தாய் அவரிடம் வந்தார். படித்தவர், புத்திசாலி. பையன் அடங்காத வால். சிறுவயதில் தாய் அவனை ஒதுக்கியதுதான் காரணம் என்று ராஜர்ஸ் முடிவுகட்டிவிட்டார். அதை அந்த அம்மாவுக்குப் பக்குவமாகப் புரியவைக்க வாரக்கணக்கில் பாடுபட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், "நாம் இரண்டு பேரும் முயன்றுவிட்டோம், சரிவரவில்லை, நிறுத்திக்கொள்ளலாம்" என்றார். அவரும் ஒப்புக்கொண்டு, கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார். கதவு வரை போனவர் திரும்பி நின்று, "இங்கே பெரியவர்களுக்கும் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். பார்ப்போம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். கணவனோடு இருந்த கசப்பு, தான் தோற்றுவிட்டோம் என்ற நினைப்பு, குழப்பம் எல்லாம் அப்போதுதான் கொட்டின. அதுவரை அவர் சொல்லிவந்தது வெறும் கேஸ் விவரம். அதன் பிறகு தாயும் தேறினார், பையனும் தேறினான். எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும், வழியை அவரே காட்டட்டும் என்று ராஜர்ஸ் நினைக்கத் தொடங்கியது அங்கிருந்துதான்.

உங்கள் கதையும் இதேதான் என்று நான் சொல்லவரவில்லை. உங்கள் மகனின் மௌனத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கவுன்சிலர் உங்களைப் பற்றி ஏன் கேட்கிறார் என்பதற்கு மட்டும் இதைச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்தானே.

பரிவோடு கேட்பது என்றவுடன் தலையாட்டலும் இனிமையான குரலும்தான் நமக்கு ஞாபகம் வருகின்றன. ராஜர்ஸ் அதைக் கைத்தொழில் போலப் பழகினார். 1940களில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், வந்தவர்களின் அனுமதியோடு, உரையாடல்களை இசைத்தட்டில் பதிவு செய்தார். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் ஓடும், தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு அதை மாணவர்களோடு உட்கார்ந்து போட்டுக் கேட்பார்கள்: இங்கே நான் ஏன் குறுக்கே பேசினேன், இந்தக் கேள்விக்குப் பிறகு அவர் ஏன் வாயை மூடிக்கொண்டார் என்று. 1942இல் எட்டு சந்திப்புகள் கொண்ட ஒரு சிகிச்சையை முழுதாக, சொல்லுக்குச் சொல் அச்சிட்டார். அதுவரை அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியாது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சொன்னதைத் திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளை வேலை என்ற கேலி அவர் காலத்திலேயே உண்டு. அதில் அவருக்கு எரிச்சல். நான் புரிந்துகொண்டது சரியா என்று வந்தவரிடமே சரிபார்க்கிறேன், அவ்வளவுதான் என்று கடைசிக் காலத்தில் எழுதினார். ஆகவே உங்கள் கவுன்சிலர் திருப்பிச் சொல்லும்போது, "இல்லை, அது அப்படி இல்லை" என்று நீங்கள் தாராளமாக மறுக்கலாம். மறுத்தால்தான் பேச்சு நகரும். மறுத்த பிறகும் அவர் அதே பாட்டைப் பாடினால், அது கிளிப்பிள்ளைதான்.

அடிபட்டவர் என்பதைத் தகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறையாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ராஜர்ஸே சிகாகோவில் இருந்தபோது, ஒரு நோயாளியோடு மிகவும் சிக்கிக்கொண்டு உடைந்துபோனார். அந்தப் பெண்ணை ஒரு மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியோடு ஊரைவிட்டே போய்ச் சில மாதங்கள் கழித்துத் திரும்பினார். தன் கீழ் வேலை பார்த்த ஒருவரிடமே சிகிச்சை எடுத்துக்கொண்டார். பட்ட அடியைத் தன் வேலையிலிருந்து தள்ளிவைக்கத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் நேரத்தில் அவர் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் உஷாராகிவிடுங்கள்.

நம் ஊரில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். எங்கே, எத்தனை வருடம் படித்தார், சிக்கலான கேஸ் வந்தால் யாரிடம் கலந்து பேசுவார், எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கொடுப்பவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. "எனக்கு யோசனையும் வேண்டும்" என்பதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். சொல்லியும் இரண்டு மூன்று சந்திப்பில் ஒன்றும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம்.

மகன் விஷயத்தில் மட்டும் ஒன்று. தூக்கம், சாப்பாடு, பள்ளி இவற்றில் பெரிய மாற்றம் தெரிந்தாலோ, சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலோ, அவன் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அதற்குக் கட்டணமும் இல்லை.