மூன்று வயதுகூட ஆகாத குழந்தையை அங்கன்வாடிக்கோ ப்ரீ கேஜிக்கோ அனுப்புவதில் உண்மையில் என்ன பயன்? வீட்டில் வைத்துக்கொண்டால் போதாதா?

நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் ஒரு பாட்டி இருப்பார், "பச்சப் புள்ளைய எதுக்கு அதுக்குள்ள அனுப்பறீங்க" என்பார். இன்னொருவர் ப்ரீ கேஜி கட்டண நோட்டீஸை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருப்பார். அங்கன்வாடி என்று யாராவது வாயெடுத்தால் இரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. நாமக்கல்லில் ஒரு முட்டை குடோனில் கணக்கு எழுதுகிறேன். "ஒரு குழந்தையை வைத்து ஊருக்கே நியாயம் சொல்லாதே" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஆராய்ச்சிக் கணக்கும் கீழே வருகிறது.

என் மனைவி லேப் டெக்னீஷியன், ஷிஃப்ட் வேலை. மகளை வீட்டில் பார்த்துக்கொண்டது என் அம்மா. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வேளாவேளைக்குச் சாப்பாடு, மதியம் தூக்கம், சாயங்காலம் திண்ணை. அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமான பிறகுதான் தெருக்கோடியில் இருந்த அங்கன்வாடியில் பாப்பாவைச் சேர்த்தோம். அப்போது அவளுக்கு இரண்டரை வயது, நாலைந்து வார்த்தைதான் பேசுவாள். "நம்ம வீட்ல எல்லாம் லேட்டாத்தான் பேசுவாங்க, உங்கப்பனே நாலு வயசுல தான் வாயத் தொறந்தான்" என்று அம்மா அடித்துச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, இரண்டு பேர் சம்பளம் வாங்கும் வீட்டுக் குழந்தை பால்வாடிக்குப் போகிறதே என்பதுதான். கல்யாண வீட்டில் ஒரு பெரியப்பா, "ஏம்ப்பா, அவ்வளவு கஷ்டமா?" என்று பந்தியிலேயே கேட்டார்.

காலையில் கொண்டுபோய் விடுவது என் வேலை. ஒருநாள் டீச்சர் என்னை நிறுத்தி, "ஏனுங் தம்பி, பாப்பாவப் பின்னால இருந்து கூப்பிட்டுப் பாத்திருக்கீங்களா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். குழந்தைகள் வட்டமாக நின்று கையை ஆட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். என் மகளும் ஆட்டினாள், ஆனால் மற்றவர்கள் கை மேலே போன பிறகுதான் அவள் கை போனது. ஒவ்வொரு முறையும் பக்கத்துக் குழந்தையைப் பார்த்துவிட்டுத்தான் செய்தாள். பாட்டு முடிந்ததும் டீச்சர் ஒரு ஸ்டீல் டம்ளரில் கூழாங்கல்லைப் போட்டு அவள் முதுகுக்குப் பின்னால் குலுக்கினார். நாலு குழந்தைகள் திரும்பின. இவள் தரையில் கிடந்த பஞ்சு ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டீச்சர் பயமுறுத்தவில்லை. "டாக்டர் வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சீட்டு எழுதித் தர்றேன், பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார். டாக்டர் வண்டி என்பது ஆர்பிஎஸ்கே குழு, அதாவது குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கிற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு. 2013-ல் வந்த திட்டம். அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பார்க்க வேண்டும்: பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சியில் தாமதம் என நாலு விஷயம். அவர்கள் சந்தேகப்படும் குழந்தைகளை அனுப்புவதற்கென்று ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. கண், காது, பேச்சு, நடை எல்லாவற்றையும் அங்கே பார்ப்பார்கள். நான் விசாரித்த வரையில் மாதம் ஆயிரக்கணக்கில் வாங்குகிற ப்ளே ஸ்கூல் நடத்துபவர்களுக்கே இது தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் காதுக்குள் ரப்பர் முனை வைத்து அழுத்தம் பார்த்தார்கள். நடுக்காதில் நீர். சளி பிடிக்கும்போதெல்லாம் சேர்ந்து சேர்ந்து தங்கியிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான், பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே வடிந்துவிடும். இவளுக்கு வடியவில்லை. மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வீங்கியிருந்தது. அதை எடுத்து, செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்தார்கள். முழுச் செவிடு கிடையாது. தண்ணீருக்கு அடியில் இருந்துகொண்டு கேட்கிற மாதிரி அவளுக்குக் கேட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எதிரில் நின்று உரக்கப் பேசுகிற பாட்டியோடு இருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவே வாய்ப்பில்லை. பத்துப் பதினைந்து ஒத்த வயதுக் குழந்தைகளைத் தினமும் பார்க்கிற ஒருவருக்குத்தான் அது கண்ணில் பட்டது. உங்கள் கேள்விக்கு என் பதில் கிட்டத்தட்ட இதுதான். அங்கே போகாமலிருந்தால் அவள் ஏபிசிடி-யை ஒரு வருஷம் தள்ளிக் கற்றிருப்பாள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் பேச்சு ஊறுகிற வயது திரும்பி வராது.

பேச்சுப் பயிற்சிக்குப் போன இடத்தில், பயிற்சி குழந்தைக்கு என்று நினைத்துப் போனோம். பயிற்சி கொடுக்கிற அம்மா பாதி நேரம் எங்களுக்குத்தான் வகுப்பெடுத்தார். குழந்தையின் முகத்துக்கு நேராக உட்கார வேண்டும், கையில் எடுக்கும் பொருளின் பெயரைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அவள் வாயைத் திறக்கும் வரை சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம், அவள் சொல்வதற்குள் நாமே சொல்லி முடித்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை குடோனுக்குக் கூட்டிப்போவேன். முட்டை அட்டை, லாரி, கயிறு, கீறல் முட்டை என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்வேன். "கீற முட்ட" என்பதுதான் அவள் சேர்த்துச் சொன்ன முதல் இரண்டு வார்த்தை. லோடுமேன்கள் விசிலடித்தார்கள்.

சரி, ஆராய்ச்சி. இந்தத் தலைப்பில் எல்லோரும் அமெரிக்காவைத்தான் இழுப்பார்கள், நான் ஜமைக்காவைச் சொல்கிறேன். 1986, 87 வாக்கில் கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் இருந்தவர்கள். அதில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சுகாதாரப் பணியாளர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போய், குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டினார். இரண்டு வருஷம், அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த வருகை கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம். சத்துணவு மட்டும் கொடுத்த இன்னொரு குழுவில் அப்படி நீண்ட காலப் பலன் தெரியவில்லை. சோறு போட்டால் போதும் என்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலும் நடந்திருக்கிறது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இன்னும் இருவரும் சேர்ந்து தமிழ்நாட்டில் நாலு மாவட்டங்களில் 640 அங்கன்வாடிகளில் செய்த ஆய்வு அது. பாதி மையங்களில் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டார்கள், முன்பருவக் கல்விக்கு மட்டும். கற்பிக்கிற நேரம் இரண்டு மடங்கானது. ஒன்றரை வருஷத்தில் கணக்கு, மொழி இரண்டிலும் குழந்தைகள் முன்னேறினார்கள். உயரக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும்கூடக் குறைந்தன. காரணம் எளிது. பாடம் சொல்ல ஒரு ஆள் வந்ததும், பழைய டீச்சருக்கு எடை பார்க்கவும் தாய்மாரோடு பேசவும் நேரம் கிடைத்தது. மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு டீச்சர், ஒரு ஆயா. அந்த டீச்சர்தான் பதிவேடு எழுதுகிறார், செல்போன் ஆப்பில் ஏற்றுகிறார், வாக்காளர் பட்டியலுக்கும் வீடு வீடாக அலைகிறார். எங்கள் டீச்சர் டம்ளரைக் குலுக்கியது அதற்கு நடுவில்தான்.

குழந்தையைக் கோழியோடு ஒப்பிடாதே என்று திட்டுவீர்கள், ஆனாலும் எனக்குத் தெரிந்தது அதுதான். முட்டைக் கோழிக் குஞ்சு முதல் சில வாரத்தில் ஏற வேண்டிய எடை ஏறாவிட்டால், பிறகு எத்தனை தீவனம் கொட்டினாலும் முட்டைக் கணக்கில் அது தெரியும். பண்ணைக்காரன் குஞ்சுக்குச் சூடு கொடுக்கிற ப்ரூடர் பல்புக்குச் செலவழிக்க யோசிக்கவே மாட்டான்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கன்வாடியில் வாரம் மூன்று நாள் முட்டை போடுகிறார்கள், அதையும் கிண்டல் செய்கிறார்கள், "அது பழைய முட்டை" என்று. கிண்டல் செய்கிறவர் வீட்டு முட்டையும் இதே ஊர்ப் பண்ணையிலிருந்துதான் போகிறது.

எல்லா மையமும் இப்படி என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டியே கிடக்கும் மையத்தையும், கூரை ஒழுகுவதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே போய்ப் பாருங்கள். பத்து மணிக்கு மேல், சொல்லாமல் கொள்ளாமல் போங்கள். குழந்தைகள் தரையில் விளையாடுகிறார்களா, டீவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்களா? எடை, உயரம் போட்ட வளர்ச்சி அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், கடைசியாக எந்த மாதம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டீச்சர் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று கவனியுங்கள். தனியார் ப்ளே ஸ்கூலாக இருந்தாலும் இதே சோதனைதான். மூன்று வயதில் கோடு போட்ட நோட்டில் எழுத வைக்கிறார்கள் என்றால், நானாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுவேன்.

பாட்டியோ தாத்தாவோ வீட்டில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், தெருவில் விளையாடக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றால் மூன்று வயது வரை அவசரமே இல்லை. அப்போதும் மாதம் ஒருமுறை அங்கன்வாடிக்குத் தூக்கிப்போய் எடை பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

பின்குறிப்பு: "இவ்வளவு பேசுகிறவர் மகளை இப்போது எங்கே படிக்க வைக்கிறார்?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு. தனியார் பள்ளியில்தான், இரண்டாம் வகுப்பு. அவள் அம்மாவின் ஷிஃப்டுக்கு அந்தப் பள்ளி வேன் ஒன்றுதான் ஒத்துவருகிறது.