வரி குறைந்த நாட்டில்தான் தொழில் வளருமா?

வாசகர் கேள்வி: சம்பள வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக மென்பொருள் தொழில் தொடங்கப்போகிறேன். குடியேறுவதற்கு இரண்டு நாடுகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் வரி மிகக் குறைவு. ஆனால் மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் கைக்காசில்தான். மற்றதில் வரி அதிகம். அரசு நிறையச் செய்துகொடுக்கிறது. "வரி குறைவான இடத்தில்தான் ஆட்கள் துணிந்து தொழிலில் இறங்குவார்கள், அங்கேயே போ" என்கிறார்கள் நண்பர்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கடும் வரி தொழில் ஆசையைக் கருக்கிவிடும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் சில ஆண்டுகள் வரி கட்டும் அளவுக்கு லாபமே வருவதில்லை. அந்தக் காலத்தில் நீங்கள் பார்க்கவேண்டியது, உங்களுக்கு நஷ்டம் வந்தால் அந்த நாட்டு வரிச்சட்டம் அதை எப்படி நடத்துகிறது என்பதைத்தான். இணையத்தில் கிடைக்கும் "எந்த நாட்டில் எவ்வளவு வரி" அட்டவணைகளில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 ரூபாய் முதல் போடுகிறீர்கள். வென்றால் 60 லாபம், தோற்றால் 40 நஷ்டம். இரண்டுக்கும் சம வாய்ப்பு. வரியே இல்லாவிட்டால் சராசரியாக 10 ரூபாய் கிடைக்கும், எனவே இறங்கலாம். இப்போது 30 சதவீத வரி வருகிறது. நஷ்டத்தை அரசு கண்டுகொள்வதில்லை. வென்றால் கையில் நிற்பது 42, தோற்றால் போவது அதே 40. சராசரி வெறும் 1 ரூபாய். வேறொரு நாட்டில் வரி 40 சதவீதம். ஆனால் நஷ்டத்தை மற்ற வருமானத்தில் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம். அங்கே வென்றால் 36 நிற்கும், தோற்றால் வரியில் 16 மிச்சமாகி 24தான் போகும், சராசரி 6. வரி கூடுதலாக உள்ள நாட்டில்தான் இறங்குவது லாபம்! லாபத்தில் பங்கு கேட்கும் அரசு நஷ்டத்திலும் பங்கெடுத்தால், அது உங்கள் துணிச்சலைக் குறைக்காது, கூட்டவும் செய்யலாம். டோமர், மஸ்கிரேவ் என்ற இரு பொருளியலாளர்கள் இதை 1944-லேயே விளக்கிவிட்டார்கள். ஆனாலும் வரி விவாதங்களில் இது அதிகம் அடிபடுவதில்லை.

நடைமுறையில் முழுக் கழிவு தரும் நாடு அரிது. பெரும்பாலும் நஷ்டத்தை வரும் ஆண்டுகளின் லாபத்தில் கழித்துக்கொள்ளச் சொல்வார்கள். தொழிலை மூடிவிட்டால் அந்த உரிமையால் என்ன பயன்? இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிரிட்டனில் கம்பெனியாகப் பதியாமல் தனி ஆளாகத் தொழில் தொடங்குபவர், முதல் நான்கு வரியாண்டுகளின் நஷ்டத்தை அதற்கு முந்தைய மூன்று ஆண்டு வருமானத்தில், சம்பளம் உட்பட, கழித்துக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியும். நிபந்தனைகள் உண்டு. அதே நபர் முதல் நாளே கம்பெனி பதிந்திருந்தால் நஷ்டம் கம்பெனிக்குள்ளேயே கிடக்கும். எனவே, எந்த நாடானாலும் பதிவுக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், பதிந்த பிறகு அல்ல.

அடுத்தது, வரி எப்போது விழுகிறது என்பது. எஸ்டோனியாவில் 2000 முதல், கம்பெனி சம்பாதித்த லாபம் கம்பெனிக்குள்ளேயே இருக்கும் வரை வருமான வரி கிடையாது. பங்கு ஈவாக வெளியே எடுக்கும்போதுதான் வரி. 2025 முதல் அது 22 சதவீதம். உலகத்திலேயே குறைந்த விகிதம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் லாபத்தை ஆள் சேர்க்கவும் கருவி வாங்கவும் திருப்பிவிடுகிறவருக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை. இதற்கு நேரெதிரான தொல்லை, வாடிக்கையாளர் பணம் கொடுப்பதற்கு முன்பே பில் தேதியை வைத்து மதிப்புக் கூட்டு வரி கேட்பது. வராத பணத்துக்குக் கடன் வாங்கி வரி கட்டவேண்டி வரும். பணம் வந்த பிறகு கட்டும் முறை சிறு தொழிலுக்கு உண்டா என்று விசாரியுங்கள்.

வரம்புகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிய வேண்டும் (2024 ஏப்ரலுக்கு முன் 85,000). அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே ஏராளமான சிறு தொழில்கள் குவிந்து நிற்கின்றன. வளர முடியாமல் நிற்பவர்கள் மட்டுமல்ல, வளர வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டவர்களும் அதில் உண்டு. ஒரு நாட்டின் தொழில் மனப்பான்மையைச் சட்டம் எப்படி வார்க்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான காட்சி எனக்குத் தெரியாது.

இனி அரசுச் செலவு. ஸ்வீடனின் மொத்த வரி வருவாய் அந்நாட்டு உள்நாட்டு உற்பத்தியில் 40 சதவீதத்துக்கு மேல். அப்படியும் அங்கிருந்து புதுத் தொழில்கள் வரிசையாகக் கிளம்புகின்றன. இதை வைத்து "பார், அதிக வரியால் ஒன்றும் ஆகாது" என்று வாதிடுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். 1991 சீர்திருத்தத்தில் அந்நாடு நிறுவன வரியை 57-லிருந்து 30 சதவீதமாக இறக்கியது. 2004-ல் வாரிசு வரியையும் 2007-ல் செல்வ வரியையும் (ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மீதான வரி) எடுத்தே விட்டது. அங்கே வரிச்சுமை பெரிதும் சம்பளத்தின் மீதும் நுகர்வின் மீதும்தான். அதோடு, 1998 முதல் சம்பளக்காரர் சொந்தத் தொழில் முயன்று பார்க்க ஆறு மாத விடுப்புக் கேட்கும் உரிமையும் உண்டு. தோற்றால் பழைய நாற்காலிக்கே திரும்பலாம்.

பிரான்ஸ் 2002-ல் செய்ததும் இதே வகை. வேலையில்லாதவர் தொழில் தொடங்கினால் உதவித்தொகை உரிமை போய்விடும் என்ற அச்சத்தை நீக்கியது. தொழில் மூடப்பட்டால் மீண்டும் உதவிக்கு வரலாம். புதிய நிறுவனங்களின் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. "இலவசச் சோறு போட்டால் சோம்பேறிகள்தான் கடை விரிப்பார்கள்" என்று பயந்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது அந்நிறுவனங்கள் முந்தையவற்றைவிட மட்டமாக இல்லை. மறுபுறம் அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டிக்கொண்டிருப்பதால், நல்ல யோசனை இருந்தும் வேலையை விடத் தயங்குபவர்கள் உண்டு. குடும்பத்தில் நாள்பட்ட நோயாளி இருந்தால், வரியில் மிச்சமாகும் தொகையைவிடக் காப்பீட்டுச் செலவு பெரிதாகிவிடும்.

எல்லாச் செலவும் நல்லதல்ல. மானியம் தாராளமாகப் புழங்கும் நாட்டில், கெட்டிக்காரர்கள் வாடிக்கையாளரை விட்டுவிட்டு அதிகாரியைத் துரத்துவார்கள். தொழில்முனைவோர் எங்கும் உண்டு, அவர்கள் திறமை எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை விதிகள்தான் தீர்மானிக்கின்றன என்றார் பொருளியலாளர் வில்லியம் பாமால். அரசுப் பணத்தால் தொழிலுக்கு உதவ இஸ்ரேல் இரண்டு வழிகளை அடுத்தடுத்து முயன்றது. 1992-ல் இன்பால் என்ற திட்டம், துணிகர முதலீட்டு நிதிகள் (பிறர் பணத்தைத் திரட்டிப் புதுத் தொழில்களில் போடுபவை) திரட்டும் பணத்தில் 70 சதவீதத்துக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது, எடுபடவில்லை. 1993-ல் வந்தது 10 கோடி டாலர் யோஸ்மா. இதில் உத்தரவாதம் இல்லை. அரசு 40 சதவீதம் வரை முதல் போடும். ஐந்து ஆண்டுக்குள் தனியார் பங்காளிகள் அந்தப் பங்கைப் போட்ட விலையும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இதுதான் பிடித்தது. நான் மேலே நஷ்டப் பகிர்வைப் புகழ்ந்ததற்கு இது முரண் போலத் தோன்றலாம். தன் சேமிப்பைப் போட்டுத் தொழில் செய்பவருக்கு விழுந்தால் தாங்கும் தரை வேண்டும். பிறர் பணத்தைக் கையாளும் நிதி மேலாளருக்கு அதைக் கொடுத்தால் கவனம் தளரும்.

அரசே உங்கள் வாடிக்கையாளராக வரலாம் என்றால், பில்லுக்கு எத்தனை நாளில் பணம் வருகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அரசு அமைப்புகள் பொதுவாக 30 நாளில் கொடுக்க வேண்டும். இத்தாலி அதைக் காப்பாற்றவில்லை என்று ஒன்றிய நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது.

உங்களுக்கு என் யோசனை: காப்பீடும் பள்ளிக் கட்டணமும் சேர்த்து இரண்டு ஆண்டு வீட்டுச் செலவு கையிருப்பில் இருந்தால், வரி குறைந்த நாட்டைத் தாராளமாகப் பாருங்கள். அது இல்லையென்றால் இரண்டாவது நாடுதான். ஆனால் "அங்கே தொடங்கி, வளர்ந்தபின் வரி குறைந்த நாட்டுக்கு மாறிக்கொள்கிறேன்" என்று கணக்குப் போட வேண்டாம். பல நாடுகள், நீங்கள் குடிபெயரும்போது விற்காத பங்குகளின் மதிப்பு உயர்வுக்கும் வெளியேற்ற வரி போடுகின்றன. நார்வே 2024-ல் இதை இன்னும் இறுக்கியது. நீங்கள் பார்த்துவைத்த இரண்டாவது நாட்டில் அது உண்டா, எத்தனை ஆண்டு வசிப்புக்குப் பிறகு பொருந்தும், தவணை கிடைக்குமா என்று விசா விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.