எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வரப்போகிறது. தெருக்காரர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: மதுரை விளாங்குடியில் 20 அடித் தெருவில் இருக்கிறோம். எதிர்வீட்டு மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்க வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், இரும்புச் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன. தெருவில் கைக்குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிறார்கள். கதிர்வீச்சை நினைத்து எல்லோருக்கும் பயம். தடுக்க முடியுமா? மனுவில் என்ன எழுதுவது, யாரிடம் கொடுப்பது?

பதில்:

"டவர் வந்தால் புற்றுநோய் வரும்" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்காதீர்கள். கதிர்வீச்சு பயத்தை மட்டுமே காரணம் காட்டிய வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் பலமுறை தள்ளுபடி செய்திருக்கின்றன. அதற்காக உங்கள் தெருவுக்குக் கேட்க ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. ஆன்டெனா எந்த ஜன்னலைப் பார்க்கப்போகிறது, அந்த மாடி எடையைத் தாங்குமா, ஜெனரேட்டர் எங்கே உட்காரும், இடி இறங்கும் கம்பி எங்கே போகும் ஆகிய நான்கையும் அளந்து, எண்ணோடு கேட்கலாம். எண்ணோடு கேட்ட கேள்விக்கு அதிகாரி எண்ணோடுதான் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஆன்டெனா. அது குண்டு பல்பு மாதிரி எல்லாப் பக்கமும் சமமாக வீசுவதில்லை, வண்டி ஹெட்லைட் மாதிரி ஒரு திசையில் குவித்து வீசும். வழக்கமாக மூன்று திசைக்கு மூன்று செக்டர், ஒவ்வொன்றும் சுமார் 120 டிகிரி. பக்கவாட்டில் இப்படி விரிந்தாலும் மேலும் கீழும் அந்தக் கற்றை மிக ஒல்லியானது, 7 டிகிரி அளவுதான். அதைச் சில டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். 30 மீட்டர் உயரத்தில் 6 டிகிரி சாய்வில் வைத்தால் கற்றையின் மையம் சுமார் 285 மீட்டர் தள்ளித்தான் தரையைத் தொடும். ஆகவே டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டுக்குத்தான் அதிகம் என்ற நம்பிக்கை பெரும்பாலும் தவறு.

ஆனால் உங்கள் தெருவின் நிலை வேறு, அதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். வீட்டு மொட்டை மாடியில் நடும் கம்பம் பெரும்பாலும் 3 முதல் 9 மீட்டர் வரைதான் இருக்கும். 20 அடித் தெரு என்றால் அகலம் 6 மீட்டர். டவர் வரும் வீடு ஒரு மாடி, அதற்கு எதிரே உங்கள் பக்கத்தில் இருப்பது இரண்டு மாடி என்றால் ஆன்டெனாவும் உங்கள் பக்கத்துப் படுக்கையறை ஜன்னலும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடலாம். ஒரு கணக்கு பாருங்கள். 20 வாட் டிரான்ஸ்மிட்டர், ஆன்டெனா அதை 50 மடங்கு குவிக்கிறது. கற்றையின் திசையில் அது 1000 வாட்டுக்குச் சமம். நேர் எதிரே 10 மீட்டரில் சதுர மீட்டருக்குச் சுமார் 0.8 வாட், 20 மீட்டரில் 0.2, 50 மீட்டரில் 0.03 விழும். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நாலில் ஒன்றாகிவிடும். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா டவர் கதிர்வீச்சுக்கான சர்வதேச அளவுகோலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. அப்போது வந்த வரம்பு 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800க்கு 0.9 வாட். ஒரே கம்பத்தில் பல அலைவரிசைகளும் பல கம்பெனிகளும் சேர்ந்தால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். இப்போதைய ரேடியோக்கள் 40 வாட்டும் அதற்கு மேலும் கொடுப்பவை.

அதனால்தான் தொலைத்தொடர்புத் துறையின் வழிகாட்டுதலில் ஒரு தூர அட்டவணை இருந்தது. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35, நான்கு என்றால் 45, ஆறு என்றால் 55 மீட்டர் இடைவெளி. பக்கவாட்டிலோ கீழேயோ இருக்கும் வீட்டுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. இதைத் தெரியாமல் "35 மீட்டருக்குள் எந்த வீடும் இருக்கக்கூடாது" என்று மனுவில் எழுதினால் ஒரே வரியில் நிராகரித்துவிடுவார்கள்.

ஆகவே கம்பெனியிடம் கேட்க வேண்டியது செக்டர் வரைபடம். ஒவ்வொரு ஆன்டெனாவும் வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் திரும்பியிருக்கும், சாய்வு எவ்வளவு, மையம் எத்தனை மீட்டர் உயரத்தில் என்ற மூன்றும் அதில் இருக்கும். மொபைலில் இருக்கும் திசைகாட்டியை வைத்தே எந்த வீடு எதிரில் வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு ஜன்னல் நேராகச் சிக்கினால் இரண்டு தீர்வு கேளுங்கள்: திசையை 20, 30 டிகிரி திருப்புவது, அல்லது கம்பத்தை உயர்த்துவது. 20 மீட்டர் தூரத்தில், 4 டிகிரி சாய்வில் கற்றையின் அடி விளிம்பு ஆன்டெனா மையத்திலிருந்து சுமார் 2.6 மீட்டர்தான் கீழே இறங்கும். ஆன்டெனாவே 2 மீட்டர் நீளம் என்பதையும் சேர்த்து, மையம் அந்த ஜன்னலின் மேல்விளிம்புக்கு 4 மீட்டராவது மேலே இருந்தால் முக்கியக் கற்றை வீட்டைத் தாண்டிப் போய்விடும். டவரை ரத்து செய் என்று கேட்பதைவிட இதைக் கேட்டால் கம்பெனியின் பொறியாளர் உட்கார்ந்து பேசுவார். உயரத்தைக் கூட்டினால் கீழே சொல்லப்போகும் காற்று விசையும் கூடும், அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

உடல்நலம் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டியது இது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது "புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற பிரிவில் வைத்தது. அதற்கு முக்கிய ஆதாரமாக எடுத்தது காதோடு ஒட்டிக் கைப்பேசியை அதிக நேரம் பயன்படுத்தியவர்கள் பற்றிய ஆய்வுகளை, டவர் பக்கத்தில் குடியிருப்பவர்கள் பற்றியதை அல்ல. சிக்னல் பலவீனமாக இருக்கும் வீட்டில் கைப்பேசி தன் சக்தியைக் கூட்டிக்கொண்டுதான் பேசும். அந்த வீட்டில் தலைக்குப் படும் அளவு கைப்பேசியிலிருந்துதான் அதிகம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதையும் கவனியுங்கள்.

சரி, மாடி. என் பார்வையில் உங்கள் தெருவுக்கு உடனடி ஆபத்து இங்கேதான் இருக்கிறது, ஆனால் மனுக்களில் இது வருவதே இல்லை. ஆள் நடமாடும் வீட்டு மொட்டை மாடிக்கு வடிவமைப்பில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோதான். டவரின் 48 வோல்ட் பேட்டரித் தொகுப்பில் 2 வோல்ட் செல்கள் 24 இருக்கும். பழைய ஈய-அமில வகை, 600 ஆம்பியர்-மணி என்றால் அதுவே ஏறத்தாழ ஒரு டன், அதை ஒன்றிரண்டு சதுர மீட்டரில் அடுக்குவார்கள். லித்தியம் என்றால் எடை வெகுவாகக் குறையும், எது வரப்போகிறது என்று கேளுங்கள். அடுத்தது காற்று. கட்டட விதிகளில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். அந்த வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ அழுத்தம். மூன்று ஆன்டெனாக்களின் முகப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்தாலும் 6 மீட்டர் உயரத்தில் கிட்டத்தட்ட 190 கிலோ பக்கவாட்டில் தள்ளும். அது கம்பத்தின் அடியைப் பிடுங்கப் பார்க்கும். அடி உட்கார வேண்டிய இடம் தூணும் உத்தரமும் சேரும் இடம். வசதிக்காகத் தளத்தின் நடுவில் போல்ட் அடித்தால் முதலில் விரிசல், அடுத்து ஐப்பசி மழையில் ஒழுக்கு, அதற்கப்புறம் உள்ளே கம்பி துரு.

மதுரையின் பழைய பகுதிகளில், மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில், மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த மாடிகளில் டவர் வைக்கவே கூடாது என்பேன். தூண் இல்லாமல் சுவர்மேல் நிற்கும் வீடுகளுக்கும் அப்படியே. மாடி டவரைத் தாங்கும் என்று சான்று கொடுத்த பொறியாளர் கட்டட வரைபடத்தைப் பார்த்தாரா, தூண் எங்கே என்று குறித்தாரா, கான்கிரீட்டின் பலத்தை அறியும் ரீபவுண்ட் சுத்தியலால் தட்டிப் பார்த்தாரா, எந்த உயரக் கம்பத்துக்கு எந்த எடைக்குக் கணக்கிட்டார் என்று கேளுங்கள். இவை எதுவும் இல்லாத ஒரு பக்கச் சான்று என்றால், உங்கள் மனுவின் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

ஜெனரேட்டர் இரவில்தான் தொல்லை. மூடிய டீசல் ஜெனரேட்டருக்கு 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல் வரை அனுமதி. 6 மீட்டர் தள்ளி அது சுமார் 59 ஆகும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45, பகலுக்கு 55. ஆகவே ஜெனரேட்டர் விதிப்படி சரியாக இருந்தும் உங்கள் படுக்கையறையில் வரம்பைத் தாண்டலாம். ஜெனரேட்டரே இல்லாமல் பேட்டரியில் ஓட்டச் சொல்லுங்கள், நகருக்குள் மின்வெட்டு குறைவு என்பதால் இது நியாயமான கோரிக்கை. முடியாது என்றால் தரையில், ரப்பர் மெத்தை மேல், புகைக்குழாய் கூரைக்கு மேலே போகும்படி வைக்கச் சொல்லுங்கள். மாடியில் டீசல் கேன் அடுக்குவதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி, தனிப் பட்டை வேண்டும். அதை வீட்டு மின் எர்த்தோடு அப்படியே கட்டிவிட்டால் இடி விழும்போது டிவி, மோட்டார் எல்லாம் போய்விடலாம். நாகமலை, யானைமலைப் பக்கம் மாதிரி அடியில் பாறை உள்ள இடங்களில் எர்த் ஒழுங்காக எடுக்காது. அங்கே எர்த் தடையின் அளவீட்டு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இனி அனுமதி. தனியார் இடத்தில் டவர் வைக்க உள்ளாட்சி அனுமதி வேண்டாம் என்று 2022 திருத்தத்திலேயே மத்திய விதி மாறிவிட்டது. தனியார் கட்டடத்தின் மேல் என்றால் வேலை தொடங்கும் முன் உள்ளாட்சிக்கு எழுத்தில் தகவலும், கட்டமைப்புப் பொறியாளர் சான்றின் நகலும் தர வேண்டும் என்று அந்தத் திருத்தம் சொன்னது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் வந்த புதிய விதிகள் 2025 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கின்றன. பள்ளி, மருத்துவமனை அருகே கூடாது என்ற தடை மத்திய வழிகாட்டுதலில் இல்லை. எனவே மாநகராட்சி "நாங்கள் அனுமதி தரவில்லை" என்று சொன்னாலே வேலை நின்றுவிடும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது: மாநகராட்சிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. இந்த முகவரிக்கு டவர் பற்றி வந்த தகவல் கடிதம், பொறியாளர் சான்று, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குக் காத்திராமல் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனு, மண்டல அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்து ரசீது எண் வாங்கி வையுங்கள். கதிர்வீச்சு பற்றிய மனு சென்னையிலுள்ள தொலைத்தொடர்புத் துறையின் தமிழ்நாடு பிரிவுக்குப் போக வேண்டும். கிராமம் என்றால் கிராம சபைத் தீர்மானம் கம்பெனியைப் பேச்சுக்கு இழுக்க உதவும், அது மட்டுமே தடை உத்தரவு ஆகாது.

மனுவில் இப்படி எழுதலாம்: "மேற்படி கட்டடம் இத்தனை வருடம் பழையது. தூண் அமைப்பு தெரியவில்லை. எதிரிலுள்ள எங்கள் இரண்டாம் மாடி ஜன்னல் இத்தனை மீட்டர் தூரத்தில், ஆன்டெனா மட்டத்தில் உள்ளது. பொறியாளர் சான்று, செக்டர் வரைபடம், ஜெனரேட்டர் இடம் ஆகியவற்றைக் காட்டி, கூட்டு ஆய்வு முடியும்வரை வேலையை நிறுத்திவைக்கக் கோருகிறோம்." டேப் பிடித்து அளந்த எண்ணும் போட்டோவும் இணையுங்கள். அதிகாரிகள் கேட்காவிட்டால் மாவட்ட முன்சீப் நீதிமன்றத்தில் தடை கேட்கலாம், ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் போடலாம். இரண்டு இடத்திலும் இந்தக் காகிதங்கள்தான் பேசும். கேபிளை அறுப்பது, வேலையாட்களை அடிப்பது மாதிரி எதிலும் இறங்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும்.

வீட்டுக்கார அண்ணாச்சியையும் எதிரியாக்கிவிடாதீர்கள். வாடகை ஒப்பந்தத்தை அவரோடு உட்கார்ந்து படியுங்கள். இந்த ஒப்பந்தங்கள் பல, கம்பெனி நினைத்தால் விலகலாம், வீட்டுக்காரர் பல வருடம் விலக முடியாது என்று எழுதப்பட்டவை. மாடி ஒழுகினால் யார் செலவு, விழுந்து அடுத்தவருக்கு அடிபட்டால் காப்பீடு யார் பெயரில், அவருக்குத் தெரியாமல் இன்னும் ஆன்டெனா ஏற்றலாமா என்பதை அவரே கேட்க வேண்டும். இதைப் பார்த்தபின் அவரே யோசிக்கலாம். "டவர் வைக்கிறோம், முன்பணமாக வரி கட்டுங்கள்" என்று அவரிடம் பணம் கேட்டிருந்தால் அது மோசடி, இணையக் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் மீறி டவர் ஓடத் தொடங்கினால் தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் தளத்தில் உங்கள் இடத்தைத் தேடினால் அங்குள்ள டவர்களின் விவரம் கிடைக்கும். உங்கள் வீட்டிலேயே வந்து அளக்கச் சொல்ல 4000 ரூபாய் கட்டணம், தெருவே பங்கு போட்டால் பெரிய தொகை இல்லை. ஆன்டெனாவுக்கு நேர் எதிரே வரும் ஜன்னலில், அதிகப் பேர் பேசும் மாலை 7 முதல் 10 மணிக்குள் அளக்கச் சொல்லுங்கள். காலை 11 மணிக்கு அளந்தால் குறைவாகக் காட்டலாம். வந்த எண்ணை அறிக்கையிலேயே அச்சிட்டிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். கம்பத்தில் புதிதாக ஒரு பெட்டியோ ஆன்டெனாவோ ஏறும் ஒவ்வொரு முறையும் பழைய அறிக்கை செல்லாது. தேதியோடு போட்டோ எடுத்து, மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.