ஜெபிக்க உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறது. தனியாக ஜெபிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஆரம்பிக்கிற இடம்தான் தவறு. கண்ணை மூடியதும் எல்லாவற்றையும் நம் மனதிலிருந்தே எடுத்துப் பேசப் பார்க்கிறோம். அங்கே இருப்பது நாலு கவலை, இரண்டு பேருடைய சுகவீனம், பிள்ளையின் பரீட்சை. அவ்வளவையும் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லி நேரத்தை நிரப்புவோம்.

ஜெபம் என்பது பதில் பேசுவது. முதலில் பேசுகிறவர் தேவன். அதனால் வேதத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். கற்றுக்கொள்கிறவர்களுக்கு, வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களின் தொகுப்பாகிய சங்கீதப் புத்தகத்தைவிட நல்ல இடம் இல்லை. (கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்பது இதைத்தான், முறை ஒன்றே.) சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தைகளில் இரண்டு சங்கீதத்திலிருந்து வந்தவை: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22-ம் சங்கீதம், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" 31-ம் சங்கீதம். அவரே மனப்பாடமான வார்த்தைகளில் ஜெபித்திருக்கும்போது, "எழுதி வைத்ததை வாசித்தால் அது ஜெபமா?" என்று நாம் தயங்க வேண்டியதில்லை.

எந்தச் சங்கீதம் என்று தேடி நேரத்தைக் கழிக்காமல் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று 7-ம் தேதி என்றால் 7, பிறகு முப்பது முப்பதாகக் கூட்டி 37, 67, 97, 127. இந்த ஐந்தின் முதல் சில வசனங்களை மேலோட்டமாகப் பார்த்து, இன்றைய உங்கள் நிலைமைக்கு அருகில் நிற்கிற ஒன்றை எடுங்கள். 29-ம் தேதி வரிசையில் 119-ம் சங்கீதம் வரும். அதில் 176 வசனம், அன்றைக்கு எட்டு வசனப் பகுதி ஒன்று போதும். 31-ம் தேதிக்குப் பிடித்த எதையும் எடுக்கலாம்.

நேரம் பதினைந்து நிமிடம். ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்தவர்கள் பத்து நாளைத் தாண்டுவது அபூர்வம். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் உட்காருங்கள், மூச்சு நிதானமாகட்டும். பிறகு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக ஒருமுறை முழுக்க வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது ஒவ்வொரு வசனத்திலும் நின்று, அது கிளப்புவதை அவரிடமே சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அடுத்த வசனத்துக்குப் போங்கள். எல்லா வசனத்தையும் பிழிய வேண்டியதில்லை. கடைசி இரண்டு மூன்று நிமிடம் மறுபடியும் அமைதி.

13-ம் சங்கீதத்தை வைத்துப் பார்ப்போம். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கி, முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" நான்கு முறை வருகிறது. வேலை போய் ஆறு மாதமான ஒருவர் இதை ஜெபிக்கிறார் என்று வையுங்கள். முதல் வசனத்தில் நின்று, "ஆறு மாசமாச்சு ஆண்டவரே, ஒரு இடத்திலிருந்தும் பதில் இல்லை, நீர் பார்க்கிறீரா என்றே தெரியவில்லை" என்று அப்படியே சொல்லலாம். இரண்டாம் வசனம் "என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு கடன் கணக்குப் போடுகிறாரே, அதுதான் இந்த ஆலோசனை. அந்தக் கணக்கையே, எந்தக் கடன், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று விவரமாக அவர்முன் வைக்கலாம். மூன்றாம் வசனத்தில்தான் விண்ணப்பம் வருகிறது: "என் கண்களைத் தெளிவாக்கும்." வேலை கொடும் என்று கேட்க வந்தவருக்கு, நாளைக்கு யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற தெளிவையும் கேட்கச் சொல்லித் தருகிறது சங்கீதம். ஐந்தாம் வசனம், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்." இங்கே மனம் ஒத்துழைக்காமல் போகலாம். அப்போது நடிக்க வேண்டாம். "இதை என்னால் இன்று முழுசாகச் சொல்ல முடியவில்லை, சொல்ல வையும்" என்பதும் நேர்மையான ஜெபம். இப்படிப் போனால் பதினைந்து நிமிடம் போதாது.

புகார் சொல்லத் தயங்குகிறவர்கள் 88-ம் சங்கீதத்தை ஒருமுறை வாசியுங்கள். கடைசி வசனம்வரை வெளிச்சமே வராது. அதையும் வேதத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

சங்கீதத்தோடு கூடவே, இயேசு சீஷருக்குக் கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை மெதுவாக ஜெபிக்கப் பழகுங்கள். சபையில் அரை நிமிடத்தில் சொல்லி முடிப்பதை வீட்டில் பத்து நிமிடமாக்கலாம். 1535-ல் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் பேதுரு என்ற நாவிதர் இதே கேள்வியைக் கேட்டபோது, சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் அவருக்கு எழுதிக் கொடுத்த ஒழுங்கு இன்றைக்கும் உதவுகிறது: ஒரு கட்டளையையோ வசனத்தையோ எடுத்து நான்கு இழையாகப் பின்னுவது. இது எனக்கு என்ன கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எந்தப் பாவத்தை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற ஒரே வரியில் செய்து பாருங்கள். அவர் தருகிறவர், அதுவும் இன்றைக்குத் தருகிறவர். காலையில் சாப்பிட்டதற்கு நன்றி. வீணாக்கியதும், மாதக் கடைசியைப் பற்றியே புலம்பியதும் அறிக்கை. "எங்களுக்கு" என்று இருப்பதால் அடுத்த வீட்டு அடுப்புக்காகவும் விண்ணப்பம். நடுவில் ஒரு எண்ணம் பலமாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இழைகளை விட்டுவிட்டு அதிலேயே நில்லுங்கள் என்பதும் லூத்தர் சொன்னதுதான்.

கவனம் சிதறுவதைப் பற்றியும் அந்த நாவிதருக்கு அவருடைய தொழிலை வைத்தே சொல்லியிருக்கிறார்: நல்ல நாவிதனுடைய கண்ணும் எண்ணமும் சவரக் கத்தியில் இருக்கும், பேச்சிலும் வேடிக்கையிலும் போனால் வாயையோ மூக்கையோ அறுத்துவிடுவான். பக்கத்தில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். "கேஸ் புக் பண்ணணும்" என்று ஞாபகம் வந்தால் இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதாவிட்டால் அது திரும்பத் திரும்ப வரும். ஒரே ஆளுடைய முகம் தினமும் குறுக்கே வருகிறதா? அதைத் தள்ளாமல் அவருக்காகவே ஜெபியுங்கள். செல்போனில் வேதம் வாசிக்கிறவர்கள் அச்சுப் புத்தகத்துக்கு மாறுங்கள், இதில் சமரசம் வேண்டாம்.

தூக்கம் வருகிறதென்றால் முழங்காலை விட்டு எழுந்து நில்லுங்கள், மொட்டை மாடியில் நடங்கள், சத்தமாகச் சொல்லுங்கள். முழங்காலில் நின்றால்தான் ஜெபம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றுக்குத் தூங்கி வழிந்துகொண்டு அரை மணி நேரம் இருப்பதைவிடக் காலையில் காபிக்கு முன்னால் பத்து நிமிடம் மேல்.

குரல் மாறுகிறதா என்று கவனியுங்கள். ஜெபக்கூட்டத்தில் ஜெபிக்கிறவர்களின் ராகமும் அடுக்குமொழியும் தனி ஜெபத்துக்குள் வந்துவிட்டால், சொல்ல வந்தது பின்னால் போய்விடும். வீட்டில் பேசுகிற தமிழிலேயே பேசலாம். "அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று மத்தேயு 6-ல் இயேசு சொன்னது நீளமாக ஜெபிப்பதைத் தடுக்க அல்ல. அவரே இரவு முழுவதும் ஜெபித்தவர். அதிகமாகப் பேசினால்தான் கேட்பார் என்ற கணக்கைத்தான் தடுக்கிறார்.

மற்றவர்களுக்கான பட்டியல் நீண்டுபோனால் நாட்களுக்குப் பிரித்துவிடுங்கள்: 35 பேர் என்றால் ஒரு நாளைக்கு ஐந்து பேர். "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்று மொத்தமாகச் சொல்லாமல், ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். பெயருக்கு எதிரே தேதியைப் போட்டு வைத்தால், மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எது நடந்தது, எது இன்னும் நிற்கிறது என்று தெரியும்.

நாலு நாள் விட்டுப்போனால் அந்த நாலு நாள் சங்கீதத்தையும் சேர்த்து வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அப்படிச் சுமை ஏற்றித்தான் பலர் ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். அன்றைய தேதியை எடுங்கள். ஒரு வசனத்துக்குக்கூட மனம் அசையாத நாளில் ரோமர் 8:26-ஐ வாசித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாத நமக்காக ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" வேண்டுதல் செய்கிறார் என்று அங்கே இருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடம் முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.