வாளையாரைத் தாண்டிவிட்டால் சஸ்பென்ஷன் செல்லாதா? லைசென்ஸ் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தமிழ்நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு கேரளாவில் மாட்டிக்கொள்வது. கோபாலபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம் எல்லைப் பக்கம் இருப்பவர்கள் காலையில் இங்கே, மத்தியானம் அங்கே என்று இருப்பவர்கள், அதனாலேயே "அந்த ஊர் ஆர்டிஓ நம்ம லைசென்ஸை என்ன பண்ணிட முடியும்" என்று ஒரு நினைப்பு. இந்த நினைப்பால் வேலையை இழந்த டிரைவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: பாலக்காட்டில் வேகமாகப் போனதற்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன் என்று உத்தரவு வந்திருக்கிறது. என் லைசென்ஸ் பொள்ளாச்சியில் எடுத்தது. மூன்று மாதம் கேரளாவுக்குள் வண்டி எடுக்காமல் இருந்தால் போதும்தானே? (ஆனைமலை வாசகர்)

போதாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி உங்கள் லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும், பொள்ளாச்சியில் எடுத்த அட்டையைக் காட்டி நீங்கள் பாலக்காட்டில் ஓட்டியதே அந்தப் பிரிவின் தயவில்தான். சஸ்பென்ஷனும் அதே மாதிரி. 23ஆம் பிரிவின்படி தகுதியிழப்புக் காலத்தில் (சஸ்பென்ஷனைச் சட்டம் இப்படித்தான் சொல்கிறது) லைசென்ஸுக்கு எங்கேயும் உயிர் கிடையாது, அதில் மாநிலக் கணக்கு எதுவும் இல்லை. கொடுக்காத அலுவலகம் எப்படிப் பறிக்கலாம் என்று கேட்பீர்கள். 19ஆம் பிரிவையே படித்துப் பாருங்கள், உத்தரவு போட்ட அதிகாரி லைசென்ஸ் கொடுத்தவராக இல்லாவிட்டால், லைசென்ஸ் ரத்து செய்யப்பட்டதை, அதைக் கொடுத்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. அதாவது வேறு ஊர் அதிகாரி உத்தரவு போடுவார் என்று சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார்கள். இப்போது எல்லாம் லைசென்ஸ் விவரங்கள் இருக்கும் 'சாரதி' இணையதளத்தில் பதிவாகிறது, கோவையில் வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் நம்பரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

தெரிந்தே ஓட்டினால் 182ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதைவிடப் பெரிய பயம் இன்சூரன்ஸ்தான். தகுதியிழந்த ஆள் ஓட்டினார் என்பது இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவச் சட்டமே கொடுக்கும் காரணம், அந்த நேரத்தில் ஒருத்தர் மேல் மோதிவிட்டால் நஷ்டஈடு உங்கள் வீட்டு மேல் வந்து நிற்கும். தயவுசெய்து ஓட்டாதீர்கள். உத்தரவில் குறை இருந்தால் கையில் கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் செய்யலாம், ஆனால் அப்பீல் போட்டதால் மட்டும் சஸ்பென்ஷன் நிற்காது, தடை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டைக் காட்டி ஓட்டலாம் என்று கூட வந்த டிரைவர் சொல்கிறார். சரியா? (கிணத்துக்கடவு, சரக்கு வண்டி டிரைவர்)

சீட்டில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. 206ஆம் பிரிவிலேயே இரண்டு விதமாகப் பிடிக்கிறார்கள். ஆள் கோர்ட்டுக்கு வராமல் ஓடிவிடுவார் என்று நினைத்துப் பிடிப்பது ஒன்று, அதற்குக் கொடுக்கும் சீட்டை வைத்து லைசென்ஸ் திரும்பி வரும்வரை ஓட்டலாம். உங்கள் தோழர் சொல்வது இந்தப் பழைய வகை. 2019 திருத்தத்தில் வந்த 206(4) வேறு. அதிவேகம் (183), ஆபத்தான ஓட்டம் (184), குடி (185), ரேஸ் (189), பாதுகாப்பில்லாத வண்டி (190), பைக்கில் மூன்று பேர் (194சி), ஹெல்மெட் (194டி), ஆம்புலன்ஸுக்கு வழிவிடாமை (194இ), இவற்றில் பிடித்தால் லைசென்ஸ் ஆர்டிஓவுக்குப் போகும், அந்தச் சீட்டு ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி காகிதம்தான், மாதக்கணக்கில் தப்பான சீட்டைக் காட்டி ஓட்டியவர்கள் உண்டு. எழுத்து புரியவில்லை என்றால் அங்கேயே நின்று கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று, போலீஸ் லைசென்ஸைப் பிடிக்கலாம், சஸ்பெண்ட் செய்ய முடியாது. அந்த அதிகாரம் லைசென்ஸ் அதிகாரிக்கும் கோர்ட்டுக்கும்தான். "மூணு மாசம் கட்" என்று ரோட்டில் ஒருவர் சொன்னால் அது உத்தரவு ஆகாது.

கேள்வி: அபராதத்தை அங்கேயே கட்டிவிட்டேன், ரசீதும் இருக்கிறது. இனிமேல் நோட்டீஸ் வராதுதானே? (பொள்ளாச்சி)

வரலாம். அபராதம் கட்டினால் அந்தக் குற்ற வழக்கு முடியும், லைசென்ஸ் மேல் நடவடிக்கை முடியாது. 200ஆம் பிரிவில் 2019இல் இதைத் தெளிவாகவே சேர்த்துவிட்டார்கள், கட்டிய குற்றமும் அடுத்த முறைக்கு "முந்தைய குற்றம்" என்று கணக்கில் வரும் என்றும் சேர்த்து.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுகிறார். பாலக்காட்டிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, முழுக்க மலையாளம். நேரில் வரச் சொல்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொன்னார். போனால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், போகவேண்டாம் என்கிறார் இவர். (உடுமலை வாசகி)

அம்மா, கண்டிப்பாகப் போகச் சொல்லுங்கள். இந்தக் கேள்விக்காகத்தான் இந்த முறை எழுதவே உட்கார்ந்தேன். விசாரணைக்குப் போகாதவருக்கு எதிராகத்தான் அதிகாரியின் பேனா எளிதாக ஓடும். 19ஆம் பிரிவுப்படி லைசென்ஸ்காரர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது, போட்டால் விரிவான காரணத்தை எழுத்தில் எழுதியாக வேண்டும், அது மட்டுமல்ல, நடவடிக்கை எதுவும் இல்லாமல் விட்டுவிடவும் அதே பிரிவு அவருக்கு இடம் கொடுக்கிறது. முதல் தடவை மூன்று மாதம், இரண்டாவது என்றால் லைசென்ஸே ரத்து. ஆகவே "இது முதல் தடவை" என்பதை வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள்.

மலையாளம் தெரியாவிட்டாலும் நோட்டீஸில் எண்கள் தெரியும்: வண்டி நம்பர், லைசென்ஸ் நம்பர், பிரிவு எண், சம்பவத் தேதி, ஆஜராகும் தேதி. முதலில் வண்டி நம்பரையும் சம்பவத் தேதியையும் ட்ரிப் ஷீட்டோடு வைத்துப் பாருங்கள், அன்றைக்கு வண்டி அங்கே இல்லை என்றால் அதுவே உங்கள் பதில். ஜிபிஎஸ் பதிவு, டோல் ரசீது, பழைய தவறு எதுவும் இல்லை என்பதற்கான பதிவு, குடும்பம் இந்த வேலையில்தான் ஓடுகிறது என்று ஒரு மனு, எல்லாம் எடுத்துக்கொண்டு போகட்டும். ஆங்கிலத்தில் நோட்டீஸ் கேட்டு ஒரு கடிதம் கொடுங்கள், முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் ஆந்திராவிலோ ஒடிசாவிலோ லோடு இருந்தால் முன்கூட்டியே வேறு தேதி கேட்டு எழுதுங்கள், சும்மா விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மச்சான் என் காரை எடுத்துக்கொண்டு குருவாயூர் போனார். கேமரா நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது. என் லைசென்ஸ் போகுமா? (கொழிஞ்சாம்பாறை)

ஓட்டியவர் லைசென்ஸ்தான் போகும். ஆனால் யார் ஓட்டினார் என்று கேட்டால் சொல்வது ஆர்சி ஓனரின் கடமை (133ஆம் பிரிவு), சும்மா இருந்தால் உங்கள் தலையில் விழும். மச்சானிடம் சொல்லிவிட்டு அவர் பெயரை எழுதிக் கொடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

கேள்வி: சஸ்பென்ஷன் முடியும்வரை பாலக்காட்டுச் சித்தி வீட்டு முகவரியில் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒருவருக்கு ஒரு லைசென்ஸ்தான், தகுதியிழந்த காலத்தில் விண்ணப்பிப்பதே குற்றம்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் நியூஜெர்சி லைசென்ஸ் வைத்திருக்கிறான். பென்சில்வேனியாவில் குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்கு. அங்கேயும் இப்படித்தானா? (பாலக்காடு)

அங்கே அமைப்பு வேறு. நியூஜெர்சி கொடுத்த லைசென்ஸைப் பென்சில்வேனியா ரத்து செய்ய முடியாது, தன் எல்லைக்குள் அவர் ஓட்டும் உரிமையைத்தான் நிறுத்தும். ஆனால் அதோடு முடியாது. பெரும்பாலான மாநிலங்கள் 'டிரைவர் லைசென்ஸ் காம்பேக்ட்' என்ற உடன்பாட்டில் இருக்கின்றன, இந்த இரண்டும் உண்டு, தீர்ப்பு சொந்த மாநிலத்துக்குப் போகும், தன் ஊரில் நடந்தது போல அது நடவடிக்கை எடுக்கும். குடி வழக்கு விசாவையும் பாதிக்கும், அதனால் போக்குவரத்து வக்கீலோடு குடியேற்ற வக்கீலையும் இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் முடிந்தால் லைசென்ஸ் தானாக வந்துவிடுமா? (கம்பம், ஜீப் டிரைவர்)

நாள் முடிந்தது என்று வண்டியை எடுத்துவிடாதீர்கள். பிடித்து வைத்த லைசென்ஸைத் திரும்ப வாங்க ரெஃப்ரெஷர் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு சொல்கிறது. கேரளாவில் எடப்பாளில் இதற்கான டிரைவர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எங்கே, எப்போது என்று உத்தரவு போட்ட அலுவலகத்தில் முதல் மாதத்திலேயே எழுதிக் கேளுங்கள், கடைசி வாரத்தில் போய் நின்றால் பயிற்சிக்கு இடம் கிடைக்காமல் இன்னும் நாள் போகும். சான்றிதழைக் கொடுத்த பிறகு எம்பரிவாகன் ஆப்பில் உங்கள் லைசென்ஸ் நிலை மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் குமுளி ஏறுங்கள்.