கெமிக்கல் இஞ்சினியரிங்: மொறட்டுவையா, பேராதனையா?

ஏ.எல் பெறுபேறு வந்து கம்பஸ் விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டவை. பதில் சொல்பவர் மட்டக்களப்பைச் சேர்ந்த இரசாயனப் பொறியியலாளர்.

களுவாஞ்சிகுடி மாணவன்: அண்ணா, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கிட்டத்தானே, அங்க கெமிக்கல் படிக்கேலாதா?

ஏலாது தம்பி. ஒலுவிலில் சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் பக்கம்தான். அரச பல்கலைக்கழகங்களில் இதற்கென்று துறை உள்ள பொறியியல் பீடங்கள் மொறட்டுவையும் பேராதனையும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் உண்டு. அது விஞ்ஞானப் பட்டம், வேறு பாதை.

கல்முனை மாணவி: ரெண்டுல எதை முதலாவதாப் போடுற?

விண்ணப்பத்தில் 'பொறியியல்' என்றுதான் போடுவீங்க, 'கெமிக்கல்' என்று இல்லை. உள்ளே போய்ப் பொதுப் பாடங்கள் படித்து, அந்தப் பெறுபேற்றை வைத்துத்தான் துறை கிடைக்கும். கம்பஸ் கிடைத்த சந்தோசத்தில் முதல் செமஸ்டரைக் கோட்டை விட்டால், எந்த கம்பஸ் என்றாலும் விரும்பிய துறை கைநழுவும். எல்லோரும் இதை விட்டுவிட்டுப் பெயரைப் பற்றியே சண்டை பிடிக்கிறார்கள்! என்னைக் கேட்டால் மொறட்டுவை முதலில்: சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் பியகம தொழிற்சாலைகளும் எட்டும் தூரம். கொழும்புச் செலவு கட்டாதென்றால் யோசிக்காமல் பேராதனை. கல்முனையிலிருந்து அம்பாறை, மகியங்கனை வழியே கண்டிக்கு பஸ்ஸும் உண்டு.

ஏறாவூர் மாணவன்: கொழும்பு வெட்டுப்புள்ளியப் பார்த்தா பயமா இருக்கு.

அதை ஏன் பார்க்கிறீங்க? அனுமதி இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் மாவட்ட வரிசையைப் பாருங்க.

அக்கரைப்பற்றுத் தாய்: மகளுக்கு கெமிஸ்ட்ரி ஏ, மெத்ஸ் சி. சரிவருமா தம்பி?

கொஞ்சம் யோசியுங்க அக்கா. பெயரில்தான் கெமிக்கல், உள்ளே முக்கால்வாசி கணக்கு. சம்மாந்துறை நெல் ஆலையை எடுங்க: அவித்த நெல்லில் எவ்வளவு ஈரம், அதை உலர்த்த எவ்வளவு சூடான காற்று, அதற்கு எத்தனை கிலோ உமி எரிக்கணும்? நாலு வருசமும் இந்த மாதிரிக் கணக்குத்தான். அதில் மகளுக்கு ருசி இருந்தால் பயமில்லை. சோதனைக் குழாயில்தான் ஆசை என்றால் வந்தாறுமூலை நல்லது.

வாழைச்சேனைத் தந்தை: இந்தியாவுக்கு அனுப்பலாமா?

சென்னை கிண்டியில் உள்ள ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), திருச்சி என்.ஐ.டி (தேசிய தொழில்நுட்பக் கழகம்) இரண்டும் தரமானவை. மற்றக் கல்லூரி என்றால், நீங்கள் சேரும் அதே பாடநெறிக்கு வாஷிங்டன் உடன்படிக்கையின் (பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் ஒப்பந்தம்) கீழ் அங்கீகாரம் உண்டா என்று காசு கட்டும் முன்பே பாருங்க. இலங்கையும் இந்தியாவும் 2014 இல் அதில் முழு அங்கத்துவம் பெற்றவை. கல்லூரிக்குப் பெரிய பெயர் இருந்து பாடநெறிக்கு அங்கீகாரம் இல்லையென்றால், பிறகு இங்கே பொறியியலாளர் நிறுவகத்தில் பதிய மகன்தான் அலையவேண்டி வரும்.